குணசேகரனா, அபியா? வாசகர் கேள்வியும் எங்கள் பதிலும்

சென்ற இதழில் திருநகர் வாசகர் ஒருவர், திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’, ‘எதிர்நீச்சல்’ ஆகிய இரண்டு தொலைக்காட்சித் தொடர்களில் எதன் நாயகி சிறந்தவர் என்று கேட்டிருந்தார். ‘கோலங்களின் அபிதான், எதிர்நீச்சலில் கதையை நடத்திச் செல்பவர் குடும்பத்தையே அதட்டி ஆளும் ஆதி குணசேகரன், வீட்டுப் பெண்கள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவே’ என்று இரண்டு வரியில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களை அலுவலகப் பையன் ஒரு மஞ்சள்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். தேர்தலைப் பற்றி எழுதியபோதுகூட இத்தனை பேர் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் முழுவதும் சின்னத்திரைக்கே.

செல்லூர் வாசகி: அபிக்குப் படிப்பு இருந்தது, தொழில் இருந்தது, தோள்கொடுக்க நண்பன் தொல்காப்பியன் இருந்தான். எதிர்நீச்சல் வீட்டு மருமகள்கள் ஈஸ்வரிக்கும் நந்தினிக்கும் ரேணுகாவுக்கும் என்ன இருந்தது? வாசற்படி தாண்டவே அனுமதி கேட்க வேண்டிய வீட்டில், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதே பெரிய காரியம் அல்லவா? தராசை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறீர்களே, ஐயா?

சாய்த்துத்தான் பிடித்திருக்கிறேன் என்று பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் தரப்பையும் கேளுங்கள்.

ஒரு பாத்திரத்தை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றே ஒன்று: இன்று அவர் எடுக்கும் முடிவால் நாளைய கதை மாறுகிறதா, இல்லையா என்பது. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் 1,500 பகுதிகளைக் கடந்து ஓடிய ‘கோலங்கள்’ தொடரில், தேவயானி நடித்த அபி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மறுநாள் கதை அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கும். போட மறுத்தால் வேறு திக்கில் திரும்பும். கணவன் பாஸ்கரும், தந்தையின் இன்னொரு குடும்பத்தில் பிறந்த ஆதித்யாவும் அவரை எவ்வளவு ஆட்டிவைத்தாலும், கட்டுமானத் தொழிலில் அவர் எடுத்த முடிவுகளைச் சுற்றியே அவர்களும் ஆட வேண்டியிருந்தது. அபி அழாத நாள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடுவார்.

2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த ‘எதிர்நீச்சல்’ தொடரை அதே கல்லால் நிறுத்தால், முதல் ஓராண்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் குணசேகரனாகவே இருக்கிறார். அவர் ஒரு விசேஷத்துக்குப் போகக் கூடாது என்பார். மருமகள்கள் அடுக்களையில் கூடி அதைப் பற்றிப் பேசுவார்கள். அவர் ஒருவருக்குக் கல்யாணம் பேசுவார், மீண்டும் அடுக்களை. அந்த அடுக்களைப் பேச்சு நன்றாக எழுதப்பட்டிருந்தது என்பதை மறுக்கவில்லை. நந்தினி பேசும்போது சிரிக்காமல் இருக்க என்னாலும் முடிந்ததில்லை. ஆயினும் பேச்சு வேறு, காரியம் வேறு. நந்தினி தம் சமையலை வருமானமாக மாற்றப் புறப்பட்ட நாளிலிருந்துதான், என் கல்லுக்கு அவர் பக்கம் தட்டு இறங்கத் தொடங்கியது.

உங்களிடம் நான் தோற்கும் இடம் வேறு. நீங்களும் உங்கள் கடிதத்தில் எழுத மறந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார்: பம்பாய் ஞானம் நடித்த அப்பத்தா பட்டம்மாள். சொத்தில் 40 சதவீதம் அப்பத்தாவின் பெயரில் இருக்கிறது என்ற ஒரே செய்தி, ஊரையே அதட்டும் ஒருவரை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தது. கிழவி கைநாட்டு வைக்காமல் காடு கரை விற்க முடியாமல் தவித்த குடும்பங்களை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் சென்னைப் பார்வையாளர்களைவிட நமக்கு அந்தக் கதை சட்டென்று பிடிபட்டது. இரண்டு வரியில் பதில் எழுதும் அவசரத்தில் அப்பத்தாவை விட்டது என் பிழை.

போகிற போக்கில் ஒன்று. நெருக்கடியில் பெண்ணுக்குத் துணையாக வந்து நிற்கும் நல்ல ஆண் வேடத்தை, அங்கே தொல்காப்பியனாகவும் இங்கே ஜீவானந்தமாகவும், இயக்குநர் இரண்டு தொடர்களிலும் தமக்கே வைத்துக்கொண்டார். அங்கே அபியைப் பெற்ற கற்பகமாக வந்து கண்ணீர் விட்ட சத்யப்ரியாதான், இங்கே குணசேகரனைப் பெற்ற விசாலாட்சியாக மருமகள்களைக் கண்ணீர் விட வைத்தார். ஒரே நடிகைக்குள் இரண்டு தாய்மார்களையும் பார்த்தவர் என்பதால் அந்த இயக்குநரின் கண்ணை நான் மதிக்கிறேன்.

உசிலம்பட்டி ஆசிரியர் ஒருவர்: பெண்களை நாயைவிடக் கேவலமாக அதட்டுகிற குணசேகரனை ஊரே கொண்டாடியது எப்படி? என் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சிறுமிகளைப் பார்த்து அவனைப் போலவே ‘இந்தாம்மா ஏய்’ என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் வந்திருக்காது. ஆனால் கொண்டாடியவர்கள் எல்லோரும் அதட்டலைக் கொண்டாடினார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டில் ஓர் இரவு, சிம்மக்கல் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் பார்சலுக்காக நின்றிருந்தேன். கல்லாவுக்கு மேலே சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கொத்துப் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. குணசேகரன் மாடிப்படியில் இறங்கி வந்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அவர் வாயைத் திறந்ததும் நின்றே விட்டது. ‘எங்க பெரியப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்காய்ங்க’ என்று மாஸ்டர் சிரித்தார். எனக்கு முன்னால் சால்னா வாங்கத் தூக்குவாளியோடு நின்றிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: ‘உங்களுக்குப் பெரியப்பா. எனக்கு வீட்டுல இருக்காரு.’ கடையே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

குணசேகரனாக நடித்து அந்த அடையாளத்தை உண்டாக்கியவர் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்தில் பசுமலைத்தேரியில் பிறந்தவர். அந்தப் பேச்சு அவருக்கு ஒருவர் எழுதிக் கொடுத்து வந்ததன்று. சொற்களை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும், எந்த இடத்தில் துண்டை உதறினால் வாக்கியம் தானாக முடியும் என்பதெல்லாம் பிறந்த மண்ணிலிருந்து வந்தவை. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்து, உயிர் பிரிந்தது.

அவருக்குப் பின் அந்த வேடத்தை ஏற்ற எழுத்தாளர் வேல ராமமூர்த்தியை நம் வாசகர்கள் பலர் ஏற்கவில்லை. ‘பழைய குணசேகரனிடம் ஒரு நகைச்சுவை இருந்தது, இவரிடம் இல்லை’ என்று மஞ்சள்பையில் எட்டுக் கடிதங்களாவது இருக்கும். இங்கே நான் தனித்து நிற்கிறேன். அந்தப் பாத்திரம் எழுதப்பட்ட விதத்தில் உண்மையிலேயே எவ்வளவு கொடியது என்பது, சிரிப்பு விலகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாரிமுத்துவின் திறமை அந்தக் கொடுமைக்கு ஒரு சர்க்கரைப் பூச்சு கொடுத்துவிட்டது. நல்ல நடிகர் கெட்ட பாத்திரத்துக்குச் செய்யும் தவிர்க்க முடியாத உதவி அது. உங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நக்கியது அந்தச் சர்க்கரையை. வகுப்பில் அதை அடக்கும் வேலை உங்களுடையது என்றாலும், எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்ற உங்கள் கோபம் நியாயமானதே.

ஒத்தக்கடை வாசகர்: மதுரைக் கதை என்று சொல்லும் தொடர்களில் மதுரையைக் காணோமே?

கோபுரத்தை ஒரு முறை உயரத்திலிருந்து காட்டுவார்கள், தெப்பக்குளத்தை ஒரு முறை காட்டுவார்கள், பிறகு சென்னையில் வாடகைக்கு எடுத்த பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். செலவு அப்படி; அதில் குறைகாண எனக்கு விருப்பமில்லை. வாய்ப் பேச்சுக்குச் செலவு கிடையாதே என்பதுதான் என் வருத்தம். அழுத்திப் பேசினால் மதுரை, ‘ங்க’ சேர்த்தால் கோயம்புத்தூர் என்ற கணக்கில் எழுதுகிறார்கள். ‘அங்கிட்டு’, ‘இம்புட்டு’ இரண்டையும் தூவிவிட்டு, அதே வாக்கியத்தில் ‘அவங்க வந்தாங்க’ என்று முடிப்பார்கள். ‘வந்தாய்ங்க’ என்பதை உச்சரிக்கத் தெரிந்த நடிகரை வைத்துக்கொண்டே அதை எழுதாமல் விட்டவர்களும் உண்டு. விஜய் தொலைக்காட்சியில் 2011இல் தொடங்கிய ‘சரவணன் மீனாட்சி’யின் முதல் பாகத்தில் இந்த ஊரின் வாடை ஓரளவு இருந்தது. குன்றக்குடியில் நடப்பதாகச் சொல்லப்பட்ட ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில், ஊரைவிட மளிகைக் கடைதான் நம்பும்படி இருந்தது. தராசும் பொட்டலமும் சாக்கு மூட்டையும் கதைக்குள்ளேயே புழங்கின.

திருமங்கலம் வாசகர்: எல்லாமே பிற மொழியிலிருந்து எடுப்பவைதானே? சொந்தச் சரக்கு ஏதாவது உண்டா?

‘பாக்கியலட்சுமி’ வங்காளத்து ‘ஸ்ரீமோயி’யிலிருந்து வந்தது, ‘பாரதி கண்ணம்மா’ மலையாளத்துக் ‘கருத்தமுத்து’விலிருந்து. நீங்கள் நினைப்பது இதுவரை சரி. ஆனால் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ இங்கே பிறந்து தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பல வீடுகளுக்கு மருமகளாகப் போயிருக்கிறது. ‘சிறகடிக்க ஆசை’யும் இங்கிருந்து இந்திக்கும் மலையாளத்துக்கும் போனதுதான். கொள்முதலும் உண்டு, விற்பனையும் உண்டு.

மேலூர் வாசகி: ‘மெட்டி ஒலி’ சிதம்பரத்தைப் போல ஒரு தகப்பன் இனி வருவாரா? என் பிள்ளைகள் அவரைக் கையாலாகாதவர் என்கிறார்கள்.

2002 முதல் 2005 வரை அந்தத் தொடர் ஓடியபோது, தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றும் அந்தத் தகப்பனுக்காக அழாத தெரு நம் ஊரில் இல்லை. டெல்லி குமார் அந்த வேடத்தில் குரலை உயர்த்தியதே அரிது. கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு கணம் தயங்கி நிற்பார், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இருந்தாலும் உங்கள் பிள்ளைகள் சொல்வதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். சிதம்பரத்தின் மகள் சரோஜாவைக் கணவன் மாணிக்கமும் அவன் தாய் ராஜம்மாளும் படுத்திய பாட்டைப் பார்த்தவர்கள், அந்தப் பெண்ணை ஏன் அன்றைக்கே வீட்டுக்கு அழைத்துவரவில்லை என்று இன்று கேட்பது இயல்பு. அன்றைக்கு நாமும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ‘பொறுத்துப் போ தாயி’ என்பதே தகப்பன் சொல்லக்கூடிய நல்ல சொல்லாக அப்போது நமக்குப் பட்டது. என் படிக்கல்லுக்குச் சிதம்பரம் எடை குறைந்தவர்தான், ஏனென்றால் அவர் எடுத்த முடிவுகளைவிட எடுக்காமல் ஒத்திப்போட்டவை அதிகம். ஆனால் அந்த ஒத்திப்போடுதலே நம் வீட்டுத் தகப்பன்மார்களின் உண்மையான முகம் என்பதால், அவரை எழுதியது இயக்குநர் திருமுருகனின் பலவீனம் ஆகாது. மாணிக்கமாக வந்து வசவு வாங்கிய சேத்தனை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’வில் பார்த்து நாம் நடுங்கினோம் என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மதுரை அண்ணாநகர் கல்லூரி மாணவர்: வீட்டுப் பெரியவர்கள் ‘மர்மதேசம்’ மாதிரி வருமா என்கிறார்கள். அது பழைய நினைவு தரும் மயக்கம்தானே?

பாதி மயக்கம், பாதி கணக்கு. 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் வந்த அந்தத் தொடர்கள் வாரம் ஒரு முறை ஒளிபரப்பானவை. வாரத்துக்கு ஒரு பகுதி எழுதுகிறவர் முடிவைத் தெரிந்துகொண்டு எழுத முடியும்; நாளுக்கு ஒன்று எழுதுகிறவருக்கு மறுநாள் படப்பிடிப்புக்கு யார் வருவார்கள் என்பதே தெரியாது. ‘விடாது கருப்பு’வில் முதலில் போட்ட முடிச்சும் கடைசியில் அவிழ்ந்த முடிச்சும் ஒன்றாகவே இருந்தன. தினத்தொடரில் முடிச்சு போட்டவரே அதை மறந்துவிடுவதும், அவிழ்க்க வேறொரு கதாசிரியர் வந்து சேர்வதும் புதிதல்ல.

நம் ஊருக்கு அது கூடுதலாகப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பின் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால், பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் கைகூசுகிற சனங்கள் நாம். வெள்ளைக் குதிரையில் கருப்பு வந்து தண்டிக்கிறது என்றால், அது கதையா என்று கேட்பதற்கு முன் விளக்கைப் போட்டுவிடுவோம். அந்த அச்சத்தைத் தெரிந்து எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 10ஆம் தேதி இங்கேயே காலமானார். சாமியையும் மனநோயையும் ஒரே முடிச்சில் போட்டு, இரண்டு தரப்பாரையும் கோபப்படுத்தாமல் அவிழ்ப்பது எளிதான காரியமன்று. ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குதிரை ஓடும் காட்சிகளுக்குச் சிரித்தீர்களானால் மன்னிப்பேன்.

பரவை வாசகர்: ‘முதலிடம், முதலிடம்’ என்கிறார்களே, எந்தத் தொடரைப் பார்க்கிறீர்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரையும் யாரும் கேட்டதில்லையே?

கேட்க மாட்டார்கள், கேட்டால் நீங்கள் நண்பரிடம் சொல்லிவிடுவீர்கள். தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் ‘பார்க்’ என்ற அமைப்பு நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு கருவியை வைத்திருக்கிறது. அவை எந்த வீடுகள் என்பது ரகசியம். அலைவரிசைகள் தங்கள் ஒலியோடு காதுக்குக் கேளாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்ப, அந்தக் கருவி அதைப் பிடித்து எது ஓடுகிறது என்று குறித்துக்கொள்கிறது. யார் பார்க்கிறார் என்பதற்கு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். வியாழக்கிழமைதோறும் கணக்கு வெளிவரும். தொலைக்காட்சியை ஓடவிட்டுவிட்டு மாவாட்டப் போனவரும் அந்தக் கணக்கில் ரசிகரே.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து ஒரு வாசகி: ‘சிறகடிக்க ஆசை’ மீனா பூக்கட்டி விற்கும் பெண் என்பதால் முதல் நாளிலிருந்து பார்க்கிறேன். நல்ல பெண்தான். ஆனால் ஐயா, யாராவது திட்டினால் அந்தப் பிள்ளை பூவைக் கீழே வைத்துவிட்டு அழுகிறது. நாங்கள் அப்படி வைக்க மாட்டோம்.

இந்தக் கடிதத்தில் எனக்குக் கேள்வியே இல்லை. அதனால் மிச்சத்தையும் வாசகியின் சொற்களிலேயே சுருக்கித் தருகிறேன். ஈர நாரைப் பிடித்த கை பூவைப் பார்ப்பதில்லை. கண் வாடிக்கையாளரைப் பார்க்கும், வாய் விலை சொல்லும், விரல் தானாக இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டு பூவை அந்தப் பக்கமும் வைத்து முடிச்சை இறுக்கும். நடுவில் கையை எடுத்தால் முடிச்சு தளர்ந்து பூ உதிரும். மொட்டாக வந்த மல்லிகை சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும். அதற்குள் கட்டி முடிக்காவிட்டால் கிலோ கணக்கில் வாங்கியது குப்பைக்குப் போகும். ‘என் வீட்டுக்காரர் இறந்த செய்தி வந்தபோதும் கையில் இருந்த முழத்தை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்’ என்று எழுதியிருக்கிறார்.

மீனாவை எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தொழில் செய்யும் பெண் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, உணர்ச்சி வந்ததும் தொழிலைக் கீழே வைக்கச் சொல்வது நம் தொடர்களின் பழைய வழக்கம். கை நிற்காமல் அழும் ஒரு மீனாவை நினைத்துப் பாருங்கள். பின்னணி இசையே தேவைப்படாது.

வாடிப்பட்டி வாசகி: அதே தொடரில் நான் மீனாவின் பக்கம், என் மதினி ரோகிணியின் பக்கம். பொய் சொல்லி அந்த வீட்டுக்குள் வந்தவளுக்கு எப்படிப் பரிந்து பேசலாம் என்று கேட்டதில், பத்து நாளாக மதினி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் கல்யாணத்தையும் பெற்ற பிள்ளையையும் மறைத்து ஒரு வீட்டுக்கு வாழவந்தவர் ரோகிணி. அவர் செய்தது தவறு என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் நீங்கள் கேட்பது யார் நல்லவர் என்பதையா, யார் நன்றாக எழுதப்பட்டவர் என்பதையா? ரோகிணி நேற்றுச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்று ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும், பணம் புரட்ட வேண்டும், நாளைக்கு இன்னொரு பொய்யைத் தயார் செய்ய வேண்டும். பெற்ற மகன் கண்ணெதிரே நின்றாலும் யாரோ ஒருத்தியைப் போலப் பேச வேண்டும். அவர் நடந்தால் கதை நடக்கிறது, அவர் நின்றால் கதையும் நிற்கிறது. மீனாவோ பெரும்பாலும் தம்மேல் வந்து விழுவதைத் தாங்கிக்கொள்கிறார். மாமியார் விஜயா திட்டாத நாளில் அவருக்கு வேலையே குறைந்துவிடுகிறது.

ஆக, செல்லூர் வாசகியிடம் பாதி தோற்ற அதே கல்லால் நிறுத்துப் பார்த்தால், உங்கள் மதினியின் பக்கமே தட்டு இறங்குகிறது. பேச்சைத் தொடங்க வேண்டியவர் நீங்கள்தான். இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டிவிடாதீர்கள்.